தலைவலிதானே என்று திருப்பி அனுப்பினால்? வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

ஒற்றைத் தலைவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் என்ன நிலைமையைச் சந்தித்தார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவரும் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

எனக்கு 34 வயது. மாதத்துக்கு இரண்டு தடவை மண்டையிடி வரும், வலப்பக்கம் மட்டும். வெளிச்சம் ஆகாது, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. போன தடவை தாங்க முடியாமல் நள்ளிரவில் கேஷுவாலிட்டிக்குப் போனோம். "தலைவலிக்கெல்லாமா ராத்திரி வருவாங்க, கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று ஒரு ஊசியும் ஒரு பாட்டில் டிரிப்ஸும் போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி இம்மியும் குறையவில்லை. நான் போனது தப்பா?
— வாசகி, திருநெல்வேலி

தப்பே இல்லை. விழுங்கிய மாத்திரை தங்காத அளவுக்கு வாந்தி இருந்தால், ஊசி வழியாக மருந்து தேவை. அது வீட்டில் கிடைக்காது.

உங்களை ஏன் அப்படி நடத்தினார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது அடுத்த தடவைக்கு உதவும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். அந்தப் பிரிப்பு நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சுயநினைவு ஆகியவற்றைப் பார்த்து நடக்கிறது. ஒற்றைத் தலைவலியில் இவை நான்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. சிறுநீரகக் கல் வலிக்காரர் கட்டிலில் புரள்வார், கத்துவார். ஒற்றைத் தலைவலிக்காரர் கண்ணை மூடி அசையாமல் படுத்திருப்பார், ஏனென்றால் அசைந்தால் வலி கூடும். அசைவில் வலி கூடுவது இந்த நோயை உறுதிசெய்யும் அடையாளங்களில் ஒன்று. ஆனால் வேலை நெருக்கடியில் இருக்கும் ஒரு டியூட்டி டாக்டரின் கண்ணுக்கு அது "சும்மாதான் படுத்திருக்காங்க" என்று தெரிகிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், மனிதரை முடக்கிப்போடும் நோய்களில் ஒற்றைத் தலைவலி இரண்டாவது இடத்தில் இருக்கிறது. இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதலிடம். இவ்வளவு பெரிய நோயை "கேஸ் ட்ரபிள்" என்று ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை.

உங்களுக்குப் போட்ட ஊசி எது என்று நீங்கள் எழுதவில்லை. பல இடங்களில் கைப்பழக்கமாகப் போடுவது பான்டோப்ரசோல், ஆன்டன்செட்ரான் இரண்டும்தான். முதலாவது வயிற்று அமிலத்துக்கு. அது தலைவலியைத் தொடாது. இரண்டாவது வாந்தியை நிறுத்தும், வலியைக் குறைக்காது. பக்கவிளைவாகத் தலைவலியைத் தரவும் கூடும். டிரிப்ஸும் அப்படித்தான்: வாந்தியில் உடல் வறண்டிருந்தால் நல்லது, மற்றபடி உப்புத் தண்ணீர் ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாகாது.

வாந்தியையும் வலியையும் சேர்த்து அடக்கும் மருந்துகள் வேறு: மெட்டோகுளோப்ரமைடு அல்லது ப்ரோக்ளோர்பெரசின். இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள், சிறிய மருத்துவமனையிலும் இருக்கும். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் ஒட்டும் இடங்களை இவை தடுக்கின்றன. அதனால் வாந்தி இல்லாதவருக்கும் வலி குறைகிறது. அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டலும், அவசரப் பிரிவில் முதலில் கொடுக்க வேண்டியவை என்று இந்த இரண்டையும், தோலடியில் போடும் சுமாட்ரிப்டான் ஊசியையும்தான் குறிப்பிட்டது.

அடுத்த தடவை வாசலிலேயே நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். வலி நேரத்தில் பேச முடியாது. அதனால் முன்பே ஒரு தாளில் எழுதிக் கூட வருபவரிடம் கொடுத்துவையுங்கள்: "எனக்கு ஒற்றைத் தலைவலி என்று இந்த ஆண்டில், இந்த மருத்துவர் கண்டறிந்திருக்கிறார். இந்த வலி மாலை 6 மணிக்குத் தொடங்கியது, இது என் வழக்கமான வலிதான். 7 மணிக்கு நாப்ராக்சன் 500 மி.கி. சாப்பிட்டேன், வாந்தியில் வந்துவிட்டது. முன்பு இந்த ஊசி கேட்டது, இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது." கடைசி மாதவிடாய் தேதி, கர்ப்ப வாய்ப்பு, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு உண்டா என்பதையும் அதே தாளில் சேருங்கள். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைவிட, "6 மணி நேரமாக வலி, 4 தடவை வாந்தி, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் தங்கவில்லை" என்பதற்குத்தான் மருத்துவரின் பேனா நகரும்.

வட்ட மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரவில் ஒரு டாக்டர்தான். நரம்பியல் நிபுணரோ சி.டி. ஸ்கேனோ கிடையாது. தலைவலி என்று வருபவர்களுக்கு எங்களால் முறையாக என்ன செய்ய முடியும்?
— வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

நிறையவே செய்யலாம். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி.

முதல் 5 நிமிடம் ஆபத்தைத் தேடுவதற்கு. காய்ச்சல் பாருங்கள், பி.பி., சர்க்கரை பாருங்கள். மோவாயை நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள், கழுத்து விறைப்பு தெரியும். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முகம் கோணல், கை கீழே இறங்குதல், பேச்சுக் குழறல் எது இருந்தாலும் அது உங்கள் மருத்துவமனையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேஸ் இல்லை. ஒரு கண் மட்டும் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அதுவும் வாந்தியோடு வரும், அதையும் ஒற்றைத் தலைவலி என்று தவறாக எழுதிவிடுவதுண்டு.

பி.பி. 160/100 என்று காட்டினால், "பி.பி.யால்தான் தலைவலி" என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் வலியால்தான் பி.பி. ஏறியிருக்கும், வலி அடங்கினால் அதுவும் இறங்கும். நாக்கடியில் நிஃபெடிபின் உடைத்து ஊற்றும் பழைய வழக்கம் ஆபத்தானது. பி.பி. சடாரென்று விழுந்து மூளைக்கு ரத்தம் குறையும். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு மட்டும் கணக்கே வேறு: அவருக்கு 140/90 என்றாலே சிறுநீரில் புரதம் பார்த்து, மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

ஆபத்து எதுவும் இல்லை, வழக்கமான ஒற்றைத் தலைவலிதான் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கும் கட்டிலைத் தராதீர்கள். மூலைக் கட்டில், கண் மேல் மடித்த ஈரத்துணி, கையெட்டும் தூரத்தில் வாந்தி எடுக்க கிட்னி ட்ரே. ஸ்பிரிட், ஃபினாயில் வாசனை பலருக்கு வலியைக் கூட்டும்.

மருத்துவர் எழுதும் வழக்கமான மருந்து மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி., அதாவது 2 மி.லி. ஆம்ப்யூல் ஒன்று. இதை நேராக நரம்பில் தள்ளாதீர்கள். 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து 15 நிமிடத்தில் இறக்குங்கள். வேகமாகத் தள்ளினால் நோயாளிக்கு உட்கார முடியாத, படுக்க முடியாத ஒரு தவிப்பு வரும். கூடவே வலிக்கு டைக்ளோஃபெனாக் 75 மி.கி. தசையில், அல்லது கீட்டோரோலாக் 30 மி.கி., அல்லது பாராசிட்டமால் 1 கிராம் நரம்பு வழியாகக் கொடுப்பது வழக்கம். இவற்றில் முதல் இரண்டும் அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலிமாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி என்று வருபவருக்கும் டைக்ளோஃபெனாக் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அவருக்குப் பாராசிட்டமால் மட்டும்.

மருந்து இறங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, 1 மணி நேரம், 2 மணி நேரம் கழித்து வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். இந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் இல்லாததால்தான் "ஊசி போட்டாச்சு, கிளம்புங்க" என்று அனுப்புவது நடக்கிறது. நோயாளி 9 என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறார் என்பதற்காக அதை 4 ஆக்கி எழுத வேண்டாம். பல ஆண்டுகளாக இந்த வலியோடு வாழ்பவர் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியிருப்பார்.

அத்தைக்கு 52 வயது, 20 வருஷமாக ஒற்றைத் தலைவலி. திடீரென்று வந்த வலியை "இவங்களுக்கு எப்பவும் வர்றதுதான்" என்று சொல்லி ஊசி போட்டார்கள், வலியும் குறைந்தது. மூன்றாம் நாள் வேறு மருத்துவமனையில் மூளையில் ரத்தக் கசிவு என்று கண்டுபிடித்தார்கள். பிழைத்துவிட்டார். எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் அத்தை பிழைத்தது பெரிய ஆறுதல். ஒற்றைத் தலைவலிக்காரரை நம்பாமல் விடுவது ஒரு தவறு என்றால், அவருக்கு வரும் எல்லா வலியையும் அந்தப் பெயரில் அடைப்பது இன்னும் பெரிய தவறு. இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: இந்த வலி எப்படித் தொடங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

ஒற்றைத் தலைவலி மெல்ல ஏறும், அரை மணியோ இரண்டு மணியோ எடுத்துக்கொண்டு உச்சத்துக்குப் போகும், 4 முதல் 72 மணி நேரம் இருக்கும். ரத்தக் கசிவு வலி இடி விழுந்ததுபோல வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். "எந்த வேலை செய்துகொண்டிருந்தபோது வந்தது" என்று நோயாளியால் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் கவனமாக இருக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கி 2013-இல் வெளியிட்ட ஒரு விதி பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் கடுமையாக ஏறிய புதிய தலைவலியோடு வருபவருக்கு இந்த ஆறில் ஒன்று இருந்தாலும் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யாமல் அனுப்பக் கூடாது: வயது 40 அல்லது அதற்கு மேல், கழுத்து வலி அல்லது விறைப்பு, மற்றவர் பார்க்க மயங்கி விழுந்தது, உடலுழைப்பின்போது தொடங்கியது, நொடியில் உச்சத்துக்குப் போனது, கழுத்தைக் குனிய முடியாதது.

வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் சி.டி. எடுத்து, கதிரியக்க மருத்துவர் பார்த்தால் இந்தக் கசிவு ஏறத்தாழ தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் கடக்கக் கடக்க சி.டி.யின் நம்பகம் குறையும். அப்போது முதுகுத் தண்டு நீர் எடுத்துப் பார்ப்பதோ ரத்தக்குழாய்ப் படமோ தேவைப்படலாம். அதனால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் சொல்ல விரும்புகிறோம்: ஊசி போட்டதும் வலி குறைந்தது என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. ரத்தக் கசிவு வலியும் வலிமருந்துக்குக் குறையும். உங்கள் அத்தைக்கு நடந்தது அதுதான். நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சொல்லவேண்டிய மிக முக்கியமான வாக்கியம், "இது என் வழக்கமான வலி இல்லை." அதைச் சொன்னபின், எதில் வேறுபடுகிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமாக, வருடக்கணக்கில் ஒரே மாதிரி வரும் வலிக்கு, உடல் பரிசோதனையும் சரியாக இருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் "ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று வற்புறுத்த வேண்டாம். காசும் கதிர்வீச்சும் வீண். "நார்மல்" என்று வந்த அறிக்கையைக் காட்டி, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லவும் அதுவே காரணமாகிவிடுகிறது.

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகளுக்கு 24 வயது. தலையிடி வந்தால் இரண்டு நாள் இருட்டு அறைதான். போன மாதம் எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முந்தி வேலை செய்த மருந்தின் பெயரை அவள் சொல்லிக் கேட்டதும் நேர்ஸின் முகமே மாறிவிட்டது. போதைக்காக வந்தவள் மாதிரிக் கேள்வி கேட்டார்கள். ஐந்து மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைத்தார்கள். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். இனி என்ன வந்தாலும் போக மாட்டன் என்கிறாள்.
— ஒரு தாய், கனடா

மகள் பட்ட வேதனை எங்களுக்கும் வலிக்கிறது, அம்மா. போக மாட்டேன் என்ற முடிவை மட்டும் மாற்றுங்கள்.

காத்திருப்புக்கு ஒரு காரணம் உண்டு. கனடாவில் நோயாளிகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். திடீரென வந்த கடும் தலைவலி இரண்டாம் நிலை, 15 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அதே கடுமையான வலி "நாட்பட்டது, வந்து வந்து போவது" என்று பதிவானால் மூன்றாம் நிலைக்கு இறங்கும். அது 30 நிமிடம் என்று தாளில் இருந்தாலும், நெரிசலில் பல மணித்தியாலம் ஆகலாம். "எப்பவும் வாறதுதான்" என்ற ஒரு சொல் அவளை வரிசையில் பின்னுக்குத் தள்ளும். "இது வழக்கத்தைவிடக் கடுமை, 3 நாளாக நிற்கவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை" என்பது உண்மையானால் அதை முதலில் சொல்ல வேண்டும். 72 மணி நேரம் தாண்டிய ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, அதைச் சாதாரணமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

சந்தேகப் பார்வைக்குக் காரணம் வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடி, அதாவது அபின் வகை வலிமருந்துகளுக்குப் பலர் அடிமையானது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஒற்றைத் தலைவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அபின் வகை ஊசிகளையே போட்டார்கள். கொடுத்துப் பழக்கியது மருத்துவமனைகள், இப்போது கேட்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதும் அவைதான். இது அநியாயம். ஆனால் அந்த மருந்துகள் இந்த நோய்க்கு நல்லவை அல்ல என்பதும் உண்மை. நியூயார்க்கில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ப்ரோக்ளோர்பெரசின் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கு வலி அடங்கி 2 நாள் வரை திரும்பவில்லை. அபின் வகையான ஹைட்ரோமார்ஃபோன் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

செய்ய வேண்டியது: குடும்ப வைத்தியரிடமோ நரம்பியல் நிபுணரிடமோ ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், வழக்கமான அறிகுறிகள், அவசரப் பிரிவில் முதலில் எந்த மருந்து, எந்த அளவு, கேட்காவிட்டால் இரண்டாவது எது, எதைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். மகள் வாயால் மருந்தின் பெயரைக் கேட்பதற்குப் பதில் அந்தக் கடிதம் கேட்கட்டும். அபின் வகை வேண்டாம் என்பது அவளுடைய விருப்பமானால், அதை முதல் நிமிடத்திலேயே சொன்னால் அறையின் சூழல் மாறிவிடும். முந்தி வேலை செய்தது கோடின் போன்ற அபின் வகை மருந்தாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, மாற்று என்ன என்று கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காதடைப்பான் போட்டுக்கொண்டே போகட்டும், நாடகம் என்று யாராவது நினைப்பார்களோ என்று கழற்ற வேண்டாம். நடந்ததை எழுத்தில் கொடுக்க ஒன்ராறியோ மருத்துவமனைகளில் நோயாளர் தொடர்புப் பிரிவு உண்டு. தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றோடு அங்கே கொடுங்கள்.

மனைவிக்குத் தலைவலி வந்தால் பக்கத்து நர்சிங் ஹோமில் ஃபோர்ட்வின், பெனர்கன் இரண்டும் கலந்து ஊசி போடுவார்கள். உடனே தூங்கிவிடுவாள். முன்பு மாதம் ஒன்று, இப்போது வாரம் இரண்டு. "ஊசிக்காகவே வலி வருதோ" என்று அங்கேயே பேசுகிறார்கள்.
— வாசகர், சேலம்

ஃபோர்ட்வின் என்பது பென்டசோசின், ஓர் அபின் வகை மருந்து. தூங்க வைக்கும், தலைவலியின் வேரைத் தொடாது. மாதம் 10 நாள் அல்லது அதற்கு மேல், 3 மாதத்துக்கு மேலாக அபின் வகை, எர்காட், ட்ரிப்டான் என்னும் ஒற்றைத் தலைவலி மருந்துகள், பல மருந்து கலந்த கூட்டு வலிமாத்திரை எதை எடுத்தாலும் மருந்தே தலைவலியை உண்டாக்கும் நிலை வரும். தனிப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்றால் அந்த எல்லை 15 நாள். வாரம் இரண்டு ஊசி என்றால் மாதம் எட்டு ஒன்பது நாள் அதிலேயே போகிறது. வீட்டில் சாப்பிடும் மாத்திரை நாட்களையும் சேர்த்தால் உங்கள் மனைவி அநேகமாக எல்லையைத் தாண்டியிருப்பார். இது ஒழுக்கக் குறைவு இல்லை, நடிப்பும் இல்லை. போட்டவர்கள் கொடுத்த பழக்கத்துக்குப் போட்டுக்கொண்டவரைப் பழிக்கக் கூடாது.

ஊசி போட்ட இடத்தில் தோல் கல்லாக இறுகியிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பாருங்கள். பென்டசோசின் அதைச் செய்யும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் உதவியோடு நிறுத்துவார்கள். முதல் ஒன்று இரண்டு வாரம் வலி கூடும், அதற்கு இடைக்கால மருந்து உண்டு. பிடரியில் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடுவது இந்தக் கட்டத்தில் பலருக்குக் கைகொடுக்கிறது. அதே ஊசியின் இடத்தில் டிரமடால் போட்டால் பிரச்சினை தீராது, அதுவும் அபின் வகைதான். இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.

கல்லூரி மாணவி நான். தலைவலிக்கு ஊசி போட்ட கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் பரபரவென்று, டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு ஓடலாம் போல ஆகிவிட்டது. அழுதேன். ஷீட்டில் "பதற்றம், மனநல ஆலோசனை தேவை" என்று எழுதிவிட்டார்கள். எனக்கு மனநோயா?
— வாசகி, திருச்சி

அந்த விவரிப்பு மெட்டோகுளோப்ரமைடு, ப்ரோக்ளோர்பெரசின் ஊசிகளின் அறியப்பட்ட பக்கவிளைவோடு அப்படியே பொருந்துகிறது. வேகமாகப் போட்டால் அதிகம் வரும். சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகும், கண் மேலே சொருகும். இளம் வயதினருக்கு அது கூடுதல். வலிப்பு என்றும் பேய் என்றும் வீட்டார் பயந்துவிடுவார்கள். டைஃபென்ஹைட்ரமைன், ப்ரோமெத்தசின் போன்ற மருந்து கொடுத்தால் சீக்கிரமே அடங்கும். எந்த ஊசி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து, உங்கள் தலைவலித் தாளில் "இதை மெதுவாகப் போடவும், அல்லது தவிர்க்கவும்" என்று எழுதிவையுங்கள். அடுத்த தடவை அப்படி ஆனால், "ஊசிக்குப் பிறகுதான் தொடங்கியது" என்று உடனே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரவு ஒரு மணிக்கு வலக்கண் பின்னால் வலி வந்தால் எழுந்து நடப்பார், சுவரில் முட்டுவார், கண்ணில் நீர் கொட்டும். ஒரு மணி நேரத்தில் போய்விடும். மூன்று வாரமாகத் தினமும். கேஷுவாலிட்டியில் "குடிச்சிட்டு வந்திருக்காரா" என்றுதான் முதல் கேள்வி.
— வாசகி, விழுப்புரம்

இது ஒற்றைத் தலைவலி போலத் தெரியவில்லை. கொத்துத் தலைவலி என்னும் கிளஸ்டர் வகையாக இருக்கலாம். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம், தினமும் ஏறத்தாழ அதே நேரம், ஒரே பக்கம், அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், ஆளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் குடியென்றும் வெறியென்றும் நினைக்கிறார்கள். இதற்கு எந்த அவசரப் பிரிவிலும் இருக்கும் ஒரு மருந்து போதும்: பை வைத்த முகமூடியில் 100 சதவீத ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், 15 முதல் 20 நிமிடம், உட்கார்ந்த நிலையில். மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்தால் பலன் இருக்காது. "ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தோம், கேக்கலை" என்று சொல்லப்படும் பல நேரங்களில் நடந்தது இந்த 2 லிட்டர்தான். சுமாட்ரிப்டான் 6 மி.கி. தோலடி ஊசியும் வேலை செய்யும், இதய நோய் இல்லாதவருக்கு மட்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் வலியே போய்விடும். வலி நடக்கும்போது அவர் முகத்தை ஒரு நிமிடம் கைபேசியில் படம்பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், நோயறிய அதைவிட நல்ல சான்று இல்லை. முதல் தடவை என்பதால் அவருக்கு ஒரு எம்.ஆர்.ஐ. தேவை. இந்தக் காலம் முடியும்வரை மது ஒரு மடக்கும் ஆகாது, அது வலியைத் தூண்டும்.

தலைவலிக்கு வாசோகிரெயின் மாத்திரை போட்டும் கேட்காமல் மருத்துவமனைக்குப் போனால் அதைச் சொல்ல வேண்டுமா?
— வாசகர், மதுரை

கட்டாயம் சொல்லுங்கள், நேரத்தோடு. அதில் எர்காட்டமின் இருக்கிறது. அதை எடுத்த 24 மணி நேரத்துக்குள் சுமாட்ரிப்டான் போடக் கூடாது, ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசோகிரெயினே ஆகாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

தங்கைக்கு சிசேரியன் ஆகி 6 நாள். தலைவலி. "பச்ச உடம்பு, தூக்கமில்லை, அதான்" என்கிறார்கள் பெரியவர்கள்.
— வாசகி, நாகர்கோவில்

இதற்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பி.பி. பார்க்க வேண்டும், பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை பி.பி. ஏறி வலிப்பு வரலாம். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைந்தால் முதுகில் போட்ட மரப்பு ஊசியின் துளையால் வரும் வலியாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நாளுக்கு நாள் கூடுகிறது, பார்வை மங்குகிறது, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்றால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பின் தண்ணீரைக் குறைத்துப் பத்தியம் இருக்கும் வழக்கம் அந்த உறைதலுக்கு வழிவிடும். அவளுக்கு முன்பே ஒற்றைத் தலைவலி இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் பரிசோதிக்காமல் அனுப்ப விடாதீர்கள்.

ஊசியில் சரியாகி வீட்டுக்கு வந்தால் மறுநாள் மறுபடி வலி. திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, தஞ்சாவூர்

மறுநாள் வலி திரும்புவது இந்த நோயின் இயல்பு, நிறையப் பேருக்கு நடக்கிறது. கிளம்பும் முன்பே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி ஒரு டோஸ் போடலாமா என்று கேளுங்கள். ஒன்பது பேருக்குப் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வலி திரும்புவதைத் தடுக்கும் என்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. வந்த வலியை அது குறைக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி போடவும் கூடாது. வீட்டுக்கு வந்தபின் முதல் அறிகுறியிலேயே எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வலி முற்றியபின் இரைப்பை வேலைநிறுத்தம் செய்வதுபோல் மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை குடலுக்கே போய்ச் சேராது. அதனால்தான் முதல் அரை மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறோம், இரைப்பையை இயக்கும் டோம்பெரிடோன் 10 மி.கி. சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

மாதம் நான்கு நாளுக்கு மேல் வலி என்றால் தினசரித் தடுப்பு மருந்து பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளுனரிசின், டோபிராமேட் ஆகியவை இங்கே எளிதில் கிடைக்கும். ஆஸ்துமாகாரருக்கு முதலாவது ஆகாது, கர்ப்பம் தரிக்க எண்ணுபவருக்கு டோபிராமேட்டும், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் ஆகாது. எதைத் தொடங்கினாலும் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும், இரண்டு வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிட வேண்டாம். அவசரப் பிரிவில் கொடுத்த சீட்டுகளை எறியாமல் ஒரு கோப்பில் போட்டு, நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோங்கள். எந்த ஊசிக்கு எத்தனை மணி நேரம் நிம்மதி என்று அவற்றின் ஓரத்தில் நீங்களே எழுதிவையுங்கள்.